தோன்றுமிடம்

லக்கல,
16.02.2003

அன்புள்ள தம்பி மகேனுக்கு,

நான் நல்ல சுகம். அங்கே பனி கொட்டுவதாக அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாயாம். காதை மூடிக்கொண்டு வெளியே போ. சின்ன வயதில் உனக்கு வந்த தடிமன் எல்லாம் காதுக்குத்தில்தான் போய் முடிந்தன.

மாத்தளையிலிருந்து மாற்றலாகி இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. பிரதேச செயலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு கதிரை தந்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கம் தமிழில் கடிதம் எழுத யார் இருக்கிறார்கள்? ஐந்து மாதத்தில் மூன்று வந்தன. அதில் ஒன்று விலாசம் மாறி வந்தது. நான் சும்மா இருப்பதைப் பார்த்த செயலாளர் ஐயா ஒருநாள் அலுமாரியைத் திறந்து ஒரு பெரிய கட்டைக் காட்டினார்.

"மிஸ், இதையாவது ஒழுங்காக அடுக்கித் தாருங்கள்" என்றார்.

ஐந்து வருடமாக வந்து சேர்ந்த யானை முறைப்பாடுகள். எண்ணிப் பார்த்தேன், 412 கடிதங்கள். எல்லாம் சிங்களத்தில். அடுக்கத்தான் உட்கார்ந்தேன். வாசிக்கத் தொடங்கியதும் கை நின்றுவிட்டது. ஒருவர் அழிந்த நெல்லைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறார். யானை தன் மகளின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு போனதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். போன வருடம் மட்டும் நான்கு பேர் செத்திருக்கிறார்கள்.

இப்போது மின்வேலி போட ஒதுக்கீடு வந்திருக்கிறது. ஆறு கிலோமீற்றருக்கு மட்டும் காணும். எந்தப் பக்கம் போடுவது என்று செப்டெம்பர் 15இல் கூட்டம் நடக்கும். இந்தக் கடிதங்களை ஒழுங்காகப் பார்த்தால் யானை எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியும் என்று எனக்குப் படுகிறது. எழுத்தைக் கணினியால் ஆராய்வதைத்தானே நீ அங்கே படிக்கிறாய். இதற்கு ஏதாவது செய்யலாமா?

கந்தோரில் ஒரு கணினி இருக்கிறது. இணையம் கிடையாது. நீ போகும்போது புளொப்பியில் போட்டுத் தந்த தமிழ் விசைப்பலகையை ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் தமிழில் சுருக்கி அடித்து வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சந்திரவதனா

*

லீட்ஸ்,
09.03.2003

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதினாறு நாளில் வந்தது. காது சுகம். நீங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இத்துடன் ஒரு சீடி வருகிறது. நாங்கள் இங்கே பாவிக்கும் மென்பொருள் அதில் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. புத்தகத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது போலத்தான். கடிதம் எழுதியவரின் ஊர்ப் பெயரை மவுஸால் பிடித்து 'இடம்' என்று குறியிடுங்கள். யானை வந்த செய்தி இருக்கும் வரியைப் பிடித்து 'வரவு' என்று குறியிடுங்கள். ஒவ்வொரு குறியிலும் மூன்று விவரம் தானாகவே இருக்கும்: என்ன வகை, எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது, எத்தனையாவதில் முடிகிறது. அதற்கு மேல் உங்களுக்கு வேண்டிய பண்புகளையும் ஒட்டிக்கொள்ளலாம். பெயரை நீங்களே வைக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் நான் எழுதியனுப்பும் ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். ஸ்கிரிப்ட் என்றால் கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைச் சீட்டு. அது குறி குறியாகப் போய்க் கேட்டுப் பட்டியல் தரும். எந்த ஊரிலிருந்து கடிதம் கூட வந்திருக்கிறதோ அங்கே வேலி. அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாற்றலை நீங்கள் மறுத்திருக்கலாம் என்று அம்மா சொன்னா. தமிழர் ஒருவர்கூட இல்லாத இடம். எண்பத்து மூன்றில் எங்கள் வீட்டுக் கூரை எரிந்தபோது எனக்கு எட்டு வயது, உங்களுக்குப் பதினாலு. சமாதானப் பேச்சு என்று இப்போது சொல்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும்? வேலையைக் கெதியாக முடித்துவிட்டு மாத்தளைக்கே மாற்றல் கேளுங்கள்.

அன்புத் தம்பி,
மகேந்திரராஜா

*

லக்கல,
20.04.2003

அன்புள்ள மகேன்,

வருடப்பிறப்புக்கு வீட்டுக்குப் போய் வந்தேன். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. உனக்காக ஒரு பங்கு முறுக்கு எடுத்து வைத்திருந்தா, நான்தான் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தால் குவாட்டர்ஸ் வாசலில் இலையால் மூடிய ஒரு தட்டு. எண்ணெய்ப் பலகாரம். வைத்தவ சுதுமெனிக்கே. கந்தோர் கூட்டுகிறவ, வீடு ஆற்றுப் பக்கம் மீகொல்ல என்ற சின்ன ஊரில். கணவர் திக்கிரிபண்டா, காட்டை வெட்டிச் சோளம் போடுகிற சேனைக்காரர். பயிர் முற்றும் காலம் முழுக்க மரத்தில் பரண் கட்டி அதிலேயே காவல் இருக்கிற மனுசன். எண்பத்து மூன்றைப் பற்றி எழுதியிருந்தாய். நான் மறக்கவில்லை. மறக்காமலே இந்தப் பலகாரத்தையும் சாப்பிட்டேன்.

இதுவரை அடித்த கடிதங்களில் உன் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். பட்டியலும் வந்தது. வேவகம 171. மீகொல்ல 0. வேலி வேவகமக் குளக்கட்டில் போட வேண்டும் என்று அர்த்தம். பார்த்துக்கொண்டு நின்ற சுதுமெனிக்கேயிடம் சொன்னேன்.

"எங்கள் ஊரில் தபால் பெட்டி இல்லை மிஸ், யானைதான் இருக்கு" என்றா.

அப்போதுதான் விளங்கியது. வேவகம பஸ் போகும் பாதையில் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடம் உண்டு, எழுதத் தெரிந்தவர்கள் உண்டு. கடிதம் கூட வருவது யானை கூட வருவதால் அல்ல. ஆகவே கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, யானை எந்தப் பக்கம் தோன்றியது என்று எழுதியிருக்கிறார்களா எனப் பார்க்கிறேன். ஒவ்வொரு 'வரவு' குறியிலும் நானே இரண்டு பண்பு ஒட்டுகிறேன். ஒன்று, 'தோன்றுமிடம்'. மற்றது, 'சொன்னவர்', கண்ணால் கண்டவர் சொன்னதா, கேட்டவர் சொன்னதா என்று தெரிய வேண்டாமா?

முப்பது கடிதத்துக்கு ஒட்டிவிட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டுமே பட்டியலில் வரவில்லை. குறியைத் திறந்து பார்த்தால் நான் அடித்தது அப்படியே இருக்கிறது. உன் ஸ்கிரிப்டுக்கு மட்டும் அது தெரியவில்லை. என்ன செய்ய?

அக்கா,
சந்திரா

*

லீட்ஸ்,
08.05.2003

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முழங்கால் நோ குறைந்தது நல்ல செய்தி. எனக்கு வேலை கூட, வேறு குறையில்லை.

பிழை என்னுடையது. என் ஸ்கிரிப்ட் குறியிடம் மூன்று கேள்விதான் கேட்கிறது: வகை, தொடக்கம், முடிவு. நீங்கள் ஒட்டிய பண்புகள் அந்த மூன்றோடு சேராது. ஒவ்வொரு குறியோடும் ஒரு பை தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பண்புகள் அந்தப் பைக்குள் போகின்றன. ஸ்கிரிப்ட் முதலில் பையைத் தா என்று கேட்க வேண்டும். பிறகு, பையில் 'தோன்றுமிடம்' என்ற பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். பெயர் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. பிசகினாலும் அது பிழை என்று சொல்லாது. ஒன்றுமில்லை என்று வெறுமையைத் தந்துவிட்டுப் பேசாமல் போகும்.

மூன்று வரி மாற்றியிருக்கிறேன். புதிய புளொப்பி இத்துடன் இருக்கிறது. வழியில் பழுதாகிப் போனால் பார்த்து அடிப்பதற்காகக் கடுதாசியிலும் எழுதியிருக்கிறேன்.

வேவகம விசயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. எனக்கு அந்த யோசனை வரவில்லை. என் பேராசிரியரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "பட்டத்தை உன் அக்காவுக்கு அனுப்பிவிடலாம்" என்றார்.

மாற்றலுக்கு எழுதினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையே.

தம்பி,
மகேன்

*

29.06.2003

அன்புள்ள மகேன்,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய். எழுத்து கோணலாக இருந்தால் குறை நினைக்காதே, பேனா சரியில்லை.

புளொப்பி பழுதில்லாமல் வந்தது. 230ஆவது கடிதம் வரை நன்றாக வேலை செய்கிறது. இடமும் வருகிறது, சொன்னவரும் வருகிறது. 231இலிருந்து கடைசி வரை எல்லாம் வெறுமை. குறியைத் திறந்தால் இருக்கிறது. பட்டியலில் இல்லை. பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எழுத்து ஒன்றும் மாறவில்லை.

நாள் குறைவு. பதில் கெதியாகப் போடு.

அக்கா

*

லீட்ஸ்,
14.07.2003

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு கடிதம், அதுவும் பத்து வரி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்டில் பிழை இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுபடும், அல்லது முழுதும் விடுபடும். 230 வரை சரியாக வந்து, 231இலிருந்து வரிசையாக வெறுமை என்றால், அடித்தவரின் கை களைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். நிரப்பாமல் விட்டிருப்பீர்கள், அல்லது பெயரை மாற்றி அடித்திருப்பீர்கள். கோபிக்க வேண்டாம். எங்கள் கூடத்திலும் மாணவர்கள் இதையே செய்துவிட்டு ஸ்கிரிப்டைக் குறை சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே கணினியில்தானே அடித்தீர்கள்? அப்படியென்றால் வேறு காரணம் இருக்க முடியாது.

அம்மாவோடு கதைத்தேன். சித்திரைக்குப் பிறகு நீங்கள் வீட்டுப் பக்கமே போகவில்லையாம். பயிற்சி என்று சொன்னீர்களாம். யானைகளுக்குக் கொடுக்கிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அம்மாவுக்குக் கொடுத்தால் என்ன?

மகேன்

*

லக்கல,
03.08.2003

அன்புள்ள மகேன்,

உன் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

நான் ஒன்றையும் நிரப்பாமல் விடவில்லை. ஒரே கணினியில் அடிக்கவும் இல்லை. 230 வரை கந்தோர்க் கணினி. மிச்சத்தை வேறொன்றில் அடித்தேன். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். உன் கேள்வியை வாசித்த பிறகுதான் அது முக்கியம் என்று தெரிந்தது.

230ஆம் குறியையும் 231ஆம் குறியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். இரண்டிலும் 'தோன்றுமிடம்'. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மின்னும் கோட்டை 'தோ'வுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, அழிக்கும் விசையை ஒரு தரம் அமத்தினேன். 230இல் 'த' மிஞ்சியது. 231இல் 'தே' மிஞ்சியது. 'சொன்னவர்' என்பதிலும் அப்படித்தான். ஒன்றில் 'ச', மற்றதில் 'செ'.

கந்தோரில் நீ தந்த விசைப்பலகை முழுக் கொம்பையும் ஒரே எழுத்தாகப் போடுகிறது. மற்றக் கணினி இரட்டைக் கொம்பைத் தனியாகவும் பின்னால் வரும் அரவைத் தனியாகவும் போடுகிறது என்று நினைக்கிறேன். எங்களுக்கு இரண்டும் 'தோ'. உன் ஸ்கிரிப்டுக்கு இரண்டும் வேறு பெயர் போல. நீதானே எழுதினாய், ஓர் எழுத்துப் பிசகினாலும் பேசாமல் வெறுமையைத் தரும் என்று.

முழுக் கோப்பையும் சீடியில் அனுப்புகிறேன். கூட்டத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது.

அக்கா,
சந்திரவதனா

*

லீட்ஸ்,
22.08.2003

அன்புள்ள அக்கா,

முதலில், என்னை மன்னியுங்கள். நீங்கள் கண்டுபிடித்ததுதான் சரி. தமிழ் எழுத்தைக் கணினியில் ஆராய்கிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்லித் திரிகிறவன் நான். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயரை ஒப்பிடுவதற்கு முன் எல்லாக் கொம்பையும் ஒரே விதமாக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். வெறுமை எல்லாம் நிரம்பிவிட்டது.

கணக்கு இதோ. யானை தோன்றிய பக்கம் தெரிந்தவை 339. அவற்றில் 226 ஆற்றுத் துறைப் பக்கம், மீகொல்ல வழியாக. குளக்கட்டுப் பக்கம் 61 மட்டும். கண்ணால் கண்டவர்கள் சொன்னதை மட்டும் எடுத்தால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. அச்சடித்த பட்டியல் இந்த உறைக்குள் இருக்கிறது. கூட்டத்தில் தைரியமாகக் காட்டுங்கள்.

இனி மற்ற விசயம்.

கடிதங்கள் 412 என்று எழுதியிருந்தீர்கள். ஸ்கிரிப்ட் 413 தந்தது. ஒன்றை இரண்டு தரம் எண்ணுகிறது என்று நினைத்து ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினேன். அது எண்ணியது சரி. கடைசியில் இருக்கிறது:

413. நாள்: 11.06.2003. செய்தி: குவாட்டர்ஸ் குசினிச் சுவர் விழுந்தது, ஒருவருக்கு வலக்கை முறிவு. தோன்றுமிடம்: ஆற்றுத் துறை. சொன்னவர்: நான்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். பேனா சரியில்லை என்று இருக்கிறது. உறையைத் திருப்பிப் பார்த்தேன், லக்கல அல்ல, கலேவெல தபால் முத்திரை. அந்தக் கடிதத்துக்குத்தான் நான் கை களைத்துவிட்டது என்று பதில் எழுதினேன்.

அக்கா, எனக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மகேன்

*

லக்கல,
06.09.2003

அன்புள்ள மகேன்,

கை இப்போது சுகம். இது வலக்கையால் எழுதுகிற கடிதம் என்று உனக்கே தெரியும்.

உன்னிடமும் அம்மாவிடமும் மறைத்தேன். சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவா என்று தெரியும். கடிதத்தில் மறைப்பது சுலபமாக இருந்தது. கோப்பில் முடியவில்லை. மற்றவர்கள் கண்டதை எல்லாம் பதிந்துவிட்டு, நான் கண்டதை எப்படி விடுவது?

அன்று பின்னேரம் ஆறு மணியிருக்கும். குசினியில் தேநீர் போட்டுக்கொண்டு நின்றேன். வெளியே மாடு மூச்சு விடுகிற மாதிரிச் சத்தம். யாருடையதோ எருமை என்று நினைத்து, விரட்ட ஒரு தடியை எடுத்தேன். அதற்குள் சுவர் உள்ளே வந்துவிட்டது. உப்பு மூட்டைக்காக வந்ததாம். மண்கல் சுவர். நான் அதற்குக் கீழே. தும்பிக்கை என் தலைக்கு மேலால் போய் மூட்டையை இழுத்ததைப் பார்த்தேன். என்னை அது பார்க்கவே இல்லை.

சுதுமெனிக்கே கந்தோரைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்திருக்கிறா. ஆட்கள் வெடி கொண்டு வருவதற்கு முன்பே, யானை முற்றத்தில் நிற்கும்போதே, பின்பக்கத்தால் வந்து என் இரண்டு காலையும் பிடித்து இழுத்துவிட்டா. உழவு மெஷினில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் அவ என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தா. வெளியாட்கள் இருக்கக் கூடாது என்று தாதி விரட்டினா.

"நீ இவவுக்கு என்ன முறை?" என்று கேட்டா.

"அக்கா" என்றா சுதுமெனிக்கே.

சிங்களத்திலும் அக்கா அக்காதான். தாதி என் பெயர்ச் சீட்டைப் பார்த்தா, அவவைப் பார்த்தா, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டா.

பிறகு ஏழு கிழமை கலேவெலயில் இருந்தேன். என்னோடு மொழிபெயர்ப்புப் பயிற்சி எடுத்த நூருன்னிஸா செய்தி கேட்டு வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப் போனா. அவவின் கணவர் றஹீம் கணினிக் கடை வைத்திருக்கிறார். கடிதக் கட்டையும் சீடியையும் நான் அடித்துவைத்த புளொப்பியையும் சுதுமெனிக்கே பஸ்ஸில் கொண்டுவந்து தந்தா. மிச்சக் கடிதங்களை அங்கேதான் இடது கையால் அடித்தேன். அந்தக் கடை எழுத்துத்தான் உன் ஸ்கிரிப்டுக்குப் பிடிக்காமல் போனது. நான் எங்கே இருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே காரணத்தைக் கண்டுபிடித்திருப்பாய். ஆகவே நீ மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. இரண்டு பேரிலும் பிழை இருக்கிறது.

அம்மாவுக்கு நீ சொல்லாதே. நானே சொல்கிறேன்.

அக்கா,
சந்திரா

*

லக்கல,
21.09.2003

அன்புள்ள மகேன்,

என் போன கடிதம் இன்னும் உனக்கு வந்து சேர்ந்திருக்காது. சுகமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். கூட்டம் நடந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வேலி குளக்கட்டுக்குத்தான் என்று எல்லாரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். வேவகமக் கடை முதலாளி ஆட்களோடு வந்து முன்வரிசையில் இருந்தார். செயலாளர் ஐயா என்னை எழும்பிச் சொல்லச் சொன்னார். பட்டியலைச் சிங்களத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

வனசீவராசி அதிகாரி கேட்டார்: "மீகொல்லயிலிருந்து ஒரு முறைப்பாடுகூட இல்லையே மிஸ். பிறகு எப்படி அங்கே வேலி?"

"மீகொல்லக்காரர் எழுதவில்லை சேர். வேவகமக்காரர்தான் எழுதியிருக்கிறார்கள், மீகொல்ல வழியாக வந்தது என்று."

"யார் அப்படி எழுதினது?" என்று முதலாளி கேட்டார்.

சொன்னவர் என்ற பண்பை ஒட்டி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. 118ஆம் கடிதத்தை எடுத்து வாசித்தேன். 2001 மாசி மாதம். யானை ஆற்றுத் துறையைக் கடந்து மீகொல்லச் சேனை வழியாக வந்ததைத் தன் கண்ணால் கண்டதாகவும், தன் கடைக் கதவு உடைந்ததாகவும். கீழே முதலாளியின் கையெழுத்து.

கடிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு மெல்ல வாசித்தார். பிறகு பின்னால் இருந்தவர்களைப் பார்த்து, "இது நான் எழுதினதுதான்" என்றார். கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, "ஆற்றுத் துறையை அடைத்தால் என் கதவுக்கும் நல்லதுதானே" என்றார்.

அதற்குப் பிறகு பெரிதாகப் பேச ஒன்றும் இருக்கவில்லை. ஆறு கிலோமீற்றரும் ஆற்றுப் பக்கம் என்று முடிவாயிற்று. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுதுமெனிக்கே உள்ளே வந்து, ஒன்றும் நடக்காதது போலத் தேநீர்க் கோப்பைகளை எடுத்தா. என்னுடையதை மட்டும் திரும்ப நிரப்பி வைத்துவிட்டுப் போனா.

உன் ஒரு வரிக்கு இங்கே எவ்வளவு பெறுமதி என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா,
சந்திரா

*

லீட்ஸ்,
09.11.2003

அன்புள்ள அக்கா,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. கையை அதிகம் பாரம் தூக்க விடாதீர்கள். நான் சுகம், ஆனால் எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. நாலு தரம் தொடங்கிக் கிழித்தேன்.

நீங்கள் இருக்கும் அந்த ஊரை நினைத்தால் எனக்கு எங்கள் வீட்டுக் கூரைதான் ஞாபகம் வரும். இப்போது உங்கள் கால் இரண்டையும் பிடித்து இழுத்த ஒரு மனுசியும் ஞாபகத்துக்கு வருகிறா. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

நானும் ஒன்றை மறைத்தேன். இங்கே ஒரு கொம்பனியில் வேலை தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வு மாசியில் முடிந்ததும் சேர்வதாக இருந்தேன். திரும்பி வரமாட்டேன் என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களை மாற்றல் கேட்கச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதியதற்கும் அதுதான் காரணம். நீங்கள் அம்மாவோடு இருந்தால் நான் இங்கேயே இருந்துவிடலாம்.

இன்னும் முடிவெடுக்கவில்லை. சித்திரைக்கு வருகிறேன், ஆறு கிழமை நிற்பேன் என்று மட்டும் கொம்பனிக்கு எழுதிவிட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அழுதா. லக்கலைக்கும் ஒருநாள் கூட்டிப் போங்கள். சுதுமெனிக்கேயை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவவுக்கு என்ன கொண்டுவரலாம் என்றும் எழுதுங்கள்.

தம்பி,
மகேன்

*

லக்கல,
28.01.2004

அன்புள்ள மகேன்,

தைப்பொங்கலுக்கு வீட்டில் நின்றேன். எல்லாரும் சுகம். நீ வருகிறாய் என்று அம்மா இப்போதே உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பித்துவிட்டா.

கையைப் பற்றித் தீபாவளிக்குப் போனபோதே சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது, எப்போதும் வலப் பக்கம் வைக்கிற தண்ணீர்ச் செம்பை என் இடக்கைப் பக்கம் வைத்தா. பொங்கலன்றும் அங்கேயே வைத்தா. அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, பொங்கலில் ஒரு பங்கை இலையில் கட்டினா. "அந்தப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடு" என்றா. சுதுமெனிக்கேக்கு நாற்பத்தேழு வயது என்று நான் சொல்லவில்லை. நீ அவவை அக்கா என்றே கூப்பிடு. கொண்டுவருவதென்றால் நல்ல டோர்ச் ஒன்று கொண்டு வா.

மாத்தளை மாற்றல் தானாகவே வந்தது, நான் கேட்காமலே. இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மீகொல்லக்காரர் இப்போது கந்தோருக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். பாதை வேண்டும், பிறப்புப் பதிவு வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுக்கிறேன். இதை அம்மாவுக்கு நீ சொல். இந்த ஒன்றை மட்டும் என்னால் முடியாது.

வேலி ஐந்து கிலோமீற்றர் முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்றுக்குக் கம்பி வர வேண்டும். ஜனவரி முதலாம் திகதி மின்சாரம் விட்டார்கள். சோளம் முற்றி நிற்கிறது. போன வருடம் இந்த நாளில் ஒரு கதிர்கூட மிஞ்சவில்லையாம். நாலாம் நாள் யானைகள் ஆற்றுத் துறைக்கு வந்தன. கம்பிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டன. ஒன்றுக்கும் காயமில்லை.

திக்கிரிபண்டா பத்தொன்பது வருடமாகச் சேனைக் காலத்தில் வீட்டில் படுத்ததில்லை. இந்த முறை சுதுமெனிக்கே பரணிலிருந்து பாயை எடுத்து வந்து வீட்டில் விரித்துவிட்டா. முதல் கிழமை மனுசனுக்கு நித்திரையே இல்லையாம். கூரை தலைக்குக் கிட்ட இருக்கிறது, பிள்ளைகள் புரளுகிற சத்தம் கேட்கிறது என்று முறைப்பாடு. திரும்பவும் பரணுக்குப் போகப் பார்த்திருக்கிறார், மனுசி விடவில்லை. நேற்றுக் காலை எட்டு மணிக்கு அவ கந்தோருக்கு வந்து, கூட்டுமாற்றைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றா.

"என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை மிஸ். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். நானும் வந்துவிட்டேன். அந்த மனுசன் இன்னும் எழும்பவில்லை."

உன் அக்கா,
சந்திரா